வெடிச் சத்தத்துக்கு ஓடுகிறவர்கள்

எங்கள் மன்னவனூரில் வெடிச் சத்தம் கேட்டால், சத்தம் வந்த பக்கமாக ஓட வேண்டும். பூண்டுத் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கிவிட்டது, யாரோ தனியாக நின்று பட்டாசு போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். கையில் கிடைத்த தட்டையோ தகரத்தையோ அடித்துக்கொண்டு நாலு பக்கமும் ஆள் வந்தால்தான் மாடு சோலைக்குள் திரும்பும். ஒற்றை ஆள் என்றால் ஆள் மேலேயே திரும்பும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் போர் நடக்கும் ஒரு நாட்டுக்கு, அகதி முகாமில் தண்ணீர்க் குழாய் போடும் வேலைக்குப் போனேன். போய்ச் சேர்ந்த புதிதில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரிய சத்தம். சோற்றைக் கொட்டிவிட்டு, தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். எங்கள் டிரைவர் பின்னாலேயே வந்து, என் சடையைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளி மேலே விழுந்தார். அடுத்த குண்டு குழாயடியில் விழுந்தது. வரிசையில் நின்ற ஒருத்தியின் கை, தண்ணீர் கேனின் பிடியை விடாமல் தனியாகக் கிடந்தது. அந்தக் குழாயைப் போட்டது நாங்கள்தான்.

அதற்கப்புறம் நான் தேறிவிட்டேன். சத்தம் கேட்ட நொடியில் பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடப்பேன். உயிரோடு ஊர் திரும்பியது அதனால்தான்.

லீவில் வந்தபோது, குக்கர் விசிலுக்கே நான் குனிவதைப் பார்த்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் மதினி. நானும் சிரித்தேன்.

அன்றைக்கு ஊரில் பாதிப்பேர் பக்கத்து ஊர் கிளாவரைக்கு ஒரு சாவுக் கேதத்துக்குப் போயிருந்தார்கள். அண்ணன் பூண்டுத் தோட்டத்தில், நானும் மதினியும் அடுப்படியில். அவன் போட்ட அணுகுண்டுப் பட்டாசு வெடித்தது. மதினி தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளி மேலே விழுந்தேன். அவள் நெற்றி அம்மியில் மோதிக் கிழிந்தது.

"விடு புள்ள! ஒங்கண்ணன் ஒத்தையில நிக்கிறாரு, விடு!"

எல்லாம் காதில் விழுந்தது. அது பட்டாசு என்றும் தெரிந்தது. பாழாய்ப்போன கைதான் விடவில்லை. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவள் என் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடினாள்.

நான் எழுந்து போனபோது, மதினி தட்டை மாட்டின் முகத்தில் எறிந்து கத்திக்கொண்டிருந்தாள். மாடு திரும்பியது. அதற்குள் அண்ணனைத் தொடை கிழிய முட்டி வரப்பில் வீசியிருந்தது. பூண்டுத் தாளெல்லாம் ரத்தம். ரத்தத்தை நிறுத்த முகாமில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். துப்பட்டாவை முறுக்கித் தொடையில் இறுக்கினேன். நிற்கவில்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. மதினி தன் நெற்றியைக்கூடத் துடைக்காமல் அவன் காலைப் பிடித்திருந்தாள். வீட்டில் நடந்ததை அவள் சொல்லவில்லை.

"ஏம் புள்ள, வெடிச் சத்தம் கேக்கலையா?" என்றான் அண்ணன்.

"கேட்டுச்சுண்ணே" என்றேன்.

பூம்பாறை வருவதற்குள் அவன் செத்துப்போனான்.