பின் நாற்காலியிலிருந்து ஒரு "சரி"

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீஸுக்கு வந்து தனியாக உட்கார்ந்து பாருங்கள். இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வண்டிகளுக்கு அனுப்புகிற வெப்சைட் எங்களுடையது. அது ஓடுகிற ஃப்ரேம்வொர்க் என்கிற அடிப்படை மென்பொருள் பழசாகிவிட்டது. புது வெர்ஷனுக்கு மாற்ற வேண்டும். முதலில் சர்வரின் காப்பியில் மாற்றிப் பார்ப்போம். அது ஒழுங்காக ஓடினால்தான் நிஜ அழைப்புகள் வந்து விழுகிற லைவ் சர்வரில் கை வைப்போம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தட்டுவார். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து திரையைப் படிப்பார். அவர் "சரி" சொன்ன பிறகுதான் என்டர்.

அன்று பின்னால் உட்கார வேண்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு மாமா, ஆபீஸுக்கு 'சந்தேகம்'. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர். போன் போட்டேன்.

"கிளம்பிட்டீங்களா மாமா?"

"பைக்கை எடுத்துட்டேன். நான் வராம எதையும் தட்டாத."

பன்னிரண்டே கால். கதவு திறக்கிற சத்தம். பின் நாற்காலி கிரீச்சிட்டது. வேலை மும்முரத்தில் நான் திரும்பவில்லை.

"பேக்கப் எடுக்கறேன் மாமா."

"சரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தேகமா இவ்வளவு சீக்கிரம் சரி சொல்வது?

"பேக்கப்பைத் திறந்து பார்க்கணுமா, வேணாமா?"

"சரி."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை...

அப்கிரேட் கட்டளையைத் தட்டினேன். விரல் என்டர் மேல்.

"சரி."

இந்தத் தரம் காதுக்குள்.

அதே நொடி, கதவுப் பக்கமிருந்து மாமா குரலில் ஓர் அலறல்.

"நிறுத்து மாப்ள! அது லைவ்!"

திரும்பினேன்.

யாருமில்லை.

கதவில் காலையில் நான் போட்ட உள்தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

நாற்காலி மட்டும்... மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தேன். லைவேதான். அடுத்தடுத்து இருந்த இரண்டு விண்டோவில், தப்பானதில் தட்டியிருந்தேன். தட்டியதை அழித்தேன்.

12:41. அதே லைவில் ஓர் அழைப்பு விழுந்தது. சாலை விபத்து. பைக். ஒருவர். ஆம்புலன்ஸ் கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன்.

"மாமாவுக்கு அடிபட்டுடுச்சுடா..."

மறுநாள் அதே கட்டளையைக் காப்பியில் ஓட்டிப் பார்த்தேன். மொத்தமும் படுத்துவிட்டது. லைவில் என்டரைத் தட்டியிருந்தால் மாமாவுக்கான அழைப்பு யாருக்குமே போயிருக்காது. என் அக்கா தாலியை என் விரலே அறுத்திருக்கும்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு நினைவு வந்தது. அன்று நடந்ததை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் என் கையைப் பிடித்தார்.

"நல்லவேளை, என்டரைத் தட்டல."

நான் கட்டில் பக்கம் குனிந்தேன்.

"அப்போ... எல்லாத்துக்கும் சரி சரின்னு சொன்னதும் நீங்கதானா மாமா?"

"நான் ஒரே ஒரு தரம்தான் கத்தினேன், கதவுகிட்ட இருந்து."

என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"உன் காதுகிட்ட குனிஞ்சு நின்னானே... அவன் யாருடா?"