அரை வாஷிங் மெஷின் விலையில் ஒரு ஆம்ப்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனி. தெருவில் அவனுக்கு வைத்த பெயர் ‘மேலகீழ’. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, “எந்த மாடி?” என்று கேட்பான். அவன் மட்டும் எங்கே போனாலும் படியில்தான் ஏறுவான். “நாள் முழுக்க அதோடதான் மாரடிக்கிறேன். சாயங்காலமும் அது மூஞ்சியிலயே முழிக்கணுமா?”

அவனுடைய காது எங்கள் வீட்டில் பிரசித்தம். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். “மூணாவது மாடியில ஒரு உருளை தேஞ்சிருக்கு” என்பான். போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும். அவனுக்கு மிகவும் பிடித்த கதையும் காது சம்பந்தப்பட்டதுதான். ஒரு அம்மா, லிஃப்டில் ஏறினாலே கலகலவென்று சத்தம் வருகிறது என்று நான்கு முறை புகார் கொடுத்தாராம். நான்காவது முறை அண்ணன் அவரையே லிஃப்டில் ஏற்றி மேலும் கீழும் கூட்டிப்போனான். சத்தம் வந்தது. அவர் கைப்பையில் தொங்கிய சாவிக்கொத்து! இந்தக் கதையை எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவனே சிரித்துவிடுவான்.

முப்பத்தொன்றாவது வயதில் அவனுக்கு ஜாஸ் பிடித்தது. பிடித்தது என்றால் ஜுரம் பிடித்த மாதிரி. ஒரு ஹோட்டல் லிஃப்டின் அடிக்குழியில் நாலு மணி நேரம் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் கிட்டாரில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்து, “நான் கிட்டார் கத்துக்கப்போறேன்” என்றான். அண்ணி, “முதல்ல கையைக் கழுவுங்க” என்றார். இரண்டும் நடந்தன.

கிட்டார் பழையது. உள்ளே காலியான, பானை வயிற்றுக் கிட்டார். ஆறு வருடம் விடாமல் பழகி, மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவனாகிவிட்டான். டிரம்ஸ் வாசிப்பவர் பல் டாக்டர். ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் தையல்காரர். டாக்டரின் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். நோயாளிகள் காத்திருக்கும் அறைதான் ஒத்திகை அறை.

இல்லாதது ஒன்றே ஒன்று, ஆம்ப்ளிஃபயர். டாக்டரின் மருமகன் ஒருவனுடைய ஆம்பைத்தான் இரவல் வாங்கிச் சமாளித்துவந்தார்கள். அது இடி முழக்க இசைக்குச் செய்தது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் அலறும். இந்த நிலையில் ஒரு புத்தகக் கடைக்காரர், தன் கடை மாடியில் அடுத்த சனிக்கிழமை மாலை வாசிக்கச் சொன்னார். பிடித்திருந்தால் வாராவாரம். முதல் தடவையாக வெளியார் முன்னால்!

அந்த ஞாயிறு ஒத்திகை முடிந்ததும் டாக்டர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

“என் டிரில் மெஷின்கூட இப்படிக் கத்தாதுய்யா.”

தையல்காரர் இன்னும் நேராகப் பேசுபவர். “மேலகீழ, சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஒரு ஆம்ப் வாங்கு. இல்லன்னா சாக்ஸபோன்காரரைத்தான் கூப்பிடணும். அவருக்கு கரண்டே வேண்டாம், மூச்சு இருந்தாப் போதும்.”

அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணிதான் தீர்ப்புச் சொன்னார். “வாங்கிக்கோங்க. ஆனா நம்ம வாஷிங் மெஷின் விலையைத் தாண்டக் கூடாது. வீட்டுல அதுதான் பெரிய பொருள். அதைவிடப் பெரிசா இன்னொண்ணு வந்தா அது மனசு கஷ்டப்படும்.”

அதிலிருந்து அந்த வீட்டில் விலை எல்லாம் வாஷிங் மெஷினில்தான். முக்கால் மெஷின், ஒன்றேகால் மெஷின்.

நான் அப்போது ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவே இரண்டு வாரம் சும்மா இருந்தேன். “பாப்பா, கிட்டாரைத் தூக்கிட்டு வா” என்றான். எனக்கு முப்பத்தைந்து வயது. அவனுக்கு நான் பாப்பாதான்.

போகிற வழியில் என்ன தேடுகிறோம் என்று சொன்னான். “ஜாஸ் கிட்டாருக்கு சத்தம் உருண்டையா இருக்கணும் பாப்பா. கீறக் கூடாது, உடையக் கூடாது. நல்ல லிஃப்ட் நிக்கிற மாதிரி. மாடி வந்ததே தெரியக் கூடாது, கதவு திறந்தாத்தான் தெரியணும்.” பெரிய பெயர் வேண்டாம், பத்து விதமான குமிழ் வேண்டாம். கொஞ்சம் ஏற்றினாலும் தெளிவு கெடாமல், வாசிக்காதபோது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் பட்டியல்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லாம் சிக்கியது.

முதல் கடையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஆம்ப். சரியாக ஒரு மெஷின். கடைக்காரர் ஒயரை மாட்டி, “வாசிங்க சார்” என்றார். அண்ணன் வாசிக்கவில்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்பின் முன்னால் முட்டி போட்டு, அதன் முகத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

திடீரென்று ஆம்புக்குள்ளிருந்து, டட்டட்டட்-டட்டட்டட்-டர்ர்ர் என்று ஒரு சத்தம்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். “உள்ள ஏதோ லூஸு.”

“லூஸு உள்ள இல்ல சார்” என்றார் கடைக்காரர்.

இரண்டாவது கடையிலும் முட்டி, காது, டட்டட்டட். மூன்றாவது கடைப் பையன் தன் திறமையைக் காட்ட ஒரு பாட்டை வெளுத்து வாங்கினான். முடித்ததும் அண்ணன், “நல்லா வாசிக்கிறீங்க தம்பி. இப்போ வாசிக்காம இருந்து காட்டுங்க” என்றான். டட்டட்டட். நான்காவது கடையில் சந்தேகப்பட்டு, மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். ஐந்தாவதில் குழல்விளக்கை அணைக்கச் சொன்னான். இருட்டில் மூன்று பேர் ஒரு பெட்டியைச் சுற்றி மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். அப்போதும் டட்டட்டட்! ஆறாவது கடை முதலாளி நாங்கள் வருவதைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது போலும். குனிந்து உள்ளே போனோம், அங்கேயும் டட்டட்டட்.

“இந்த ஊர்ல நல்லா சாலிடர் வைக்கத் தெரிஞ்ச ஒரு ஆள்கூட இல்லையா!” என்று அண்ணன் வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் புலம்பினான்.

“ஆறு கடை ஆம்பும் சேர்ந்து உங்களுக்கு எதிரா சதி பண்ணுதா?” என்றார் அண்ணி. “அந்த சாக்ஸபோன்காரர் ஏதாவது செய்வினை வச்சிருப்பார்.”

அண்ணன் சிரிக்கவில்லை. ஆறு வருடப் பழக்கம் ஒரு மூச்சுக்காரரிடம் தோற்கப்போகிறது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் சிரிக்காமல் நான் பார்த்த நாட்கள் குறைவு. அதனால்தான் அந்த வியாழன் இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளி மதியம் ஏழாவது இடம். கடை இல்லை, வீடு. உடற்பயிற்சி வகுப்பு நடத்தும் ஒரு டீச்சர், வகுப்பை மூடிவிட்டு, பாட்டுப் போட வைத்திருந்த கீபோர்டு ஆம்பை விற்கிறார் என்று தகவல். விலை அரை மெஷின். டீச்சர் ஒரு நிமிடம் சும்மா நிற்க மாட்டார். பேசும்போதே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவார்.

“கிட்டாருக்கு ஒத்துவருமான்னு தெரியாது. ஆனா சத்தம் சுத்தமா இருக்கும். நாப்பது பேர் குதிக்கிறப்பவும் என் குரல் கடைசி வரிசைக்குக் கேக்கும்.”

அண்ணன் முட்டி போட்டான். காதை வைத்தான். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு… டட்டட்டட்-டட்டட்டட்.

“ஐயையோ, இது இப்படிக் கத்தினதே இல்லையே!” என்றார் டீச்சர். குதிகால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அதே நொடி அண்ணனின் இடுப்பில் போன் அடித்தது.

கம்பெனி போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல் மாதிரி ஒரு பழைய போன். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அதில்தான் அழைப்பு வரும். அதனால் அணைக்கவே கூடாது. அவன் எங்கே இருக்கிறான் என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை அதுவே ஆபீசுக்குச் செய்தி அனுப்பிக்கொள்ளும். குளிக்கும்போதுகூட பாத்ரூம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். “எனக்குச் சக்களத்தி” என்பார் அண்ணி. எல்லோரும் பழகிப்போய், அது இருப்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஆபீசில் ஏதோ கேட்டார்கள், பதில் சொல்லி வைத்தான். நான், “அண்ணா, அந்த போனைக் கொஞ்சம் குடு” என்றேன். வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போனேன். எண்ணூறு வரை எண்ணினேன். உள்ளே அமைதி. திரும்ப வந்து ஆம்பின் தலைமேல் போனை வைத்தேன். மூவரும் காத்திருந்தோம். டட்டட்டட்-டட்டட்டட்-டர்ர்ர்!

அண்ணன் போனைப் பார்த்தான். ஆம்பைப் பார்த்தான். தன் இடுப்பைப் பார்த்தான்.

“பாப்பா…” என்றான். “சாவிக்கொத்து.”

அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். “நாலு தடவைன்னு அந்த அம்மாவை எவ்வளவு கிண்டல் பண்ணினேன்! நான் ஏழு தடவை, பாப்பா! ஏழு!” எதற்கு என்று தெரியாமலே டீச்சரும் சிரித்தார். குதிகால் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது.

பிறகுதான் வாசித்தான். உயர்ந்த சுரங்களின் குமிழைக் கொஞ்சம் இறக்கி, ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். சத்தம் உருண்டு வந்து அறையின் நடுவில் நின்றது. மாடி வந்ததே தெரியவில்லை.

பணத்தைக் கொடுத்து ஆம்பை ஆட்டோவில் ஏற்றியதும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவன் விடவில்லை. ஆறு கடைக்கும் போனோம். ஒவ்வொரு வாசலிலும் இறங்கி உள்ளே ஓடினான்.

“சார், உங்க ஆம்ப் நல்ல ஆம்ப் சார். தப்பு என் இடுப்புல.”

“அப்ப எடுத்துக்கிறீங்களா?”

“இல்ல, வேற வாங்கிட்டேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

ஆறாவது கடைக்காரர் ஷட்டரை முழுக்கவே இறக்கிவிட்டார். ஷட்டரைத் தட்டி, அதன் வழியாகச் சொன்னான்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை அவனுக்கு ட்யூட்டி. போனை அணைக்க முடியாது, மேடையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. “பாப்பா இருக்கா” என்றான். கடை மாடிக்குப் போகும் படிக்கட்டின் திருப்பத்தில் என்னைச் செங்கல்லோடு உட்காரவைத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவனுடைய ஒரு பக்க முகமும் டாக்டரின் வழுக்கையும் தெரியும். சத்தம் கதவிடுக்கில் கசிந்து வரும். அழைப்பு வந்தால், எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்களோ அத்தனை விரலைக் காட்ட வேண்டும்.

மூன்று பாட்டுகள் அருமையாகப் போயின. நான்காவது பாட்டு மெதுவானது. பாதியில் போன் அடித்தது.

“ஹலோ! லிஃப்ட் நின்னுடுச்சு!” ஒரு பெண் குரல். “இந்த மனுஷனோட ஒரே பெட்டியில மாட்டிக்கிட்டேன். சீக்கிரம் வாங்க!”

பின்னால் ஓர் ஆண் குரல். “நான்தான் படியில போலாம்னு சொன்னேனே.”

“நீங்க பேசாதீங்க!”

இடம் கேட்டேன். அடுத்த கட்டடம்! இத்தனை வருடமாக அண்ணன் போனில் சொல்லக் கேட்ட அதே சொற்கள் என் வாயில் வந்தன. “பயப்படாதீங்கம்மா. பெட்டி விழாது. கதவை நெம்பாதீங்க. தரையில உக்காருங்க.” எழுந்து கண்ணாடியில் இரண்டு விரலைக் காட்டி, ஜன்னல் பக்கம் கையை நீட்டினேன்.

அண்ணன் பார்த்தான். தலையசைத்தான். பாட்டில் அவன் தனியாக வாசிக்க வேண்டிய பகுதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாதியில் எழுந்தால் எல்லாம் போச்சு. என்ன செய்தான் தெரியுமா? வேகத்தை இரண்டு மடங்காக்கிவிட்டான். தையல்காரர் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் குச்சிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவது போல வாசித்தார்கள். கடையில் இருந்த நாற்பது பேரும் இதுதான் பாட்டின் உச்சம் என்று நினைத்து நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கதவைக் கொஞ்சம் திறந்து போனை அந்தப் பக்கம் நீட்டினேன். பெட்டிக்குள் சண்டை நின்றது. “என்னங்க, லிஃப்ட்ல பாட்டெல்லாம் போடுறாங்க” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

பாட்டு முடிந்த கையோடு அண்ணன் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, நேராகப் படியில் ஓடிவந்தான். நானும் ஓடினேன். ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. கணவனும் மனைவியும் தரையில் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றார் கணவர்.

திரும்பி வந்தபோது புத்தகக் கடைக்காரர் வாசலில் நின்றார். “கடைசியில கட்டடத்தை விட்டே ஓடிட்டாரே! இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததே இல்ல. அடுத்த சனிக்கிழமையும் இதே மாதிரி செய்ய முடியுமா?”

தையல்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே, “சாக்ஸபோன்காரரா இருந்தா மூச்சு நின்னிருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வாசித்தான். ட்யூட்டி நாட்களில் நான் படியில் உட்கார்ந்தேன். ட்யூட்டி இல்லாத நாட்களிலும் அங்கேயே உட்கார்ந்தேன். கதவிடுக்கில் கேட்பதுதான் எனக்குப் பழகியிருந்தது.

அண்ணன் இறந்த பிறகு, அவன் இடத்துக்கு இப்போது சாக்ஸபோன்காரர் வருகிறார். நல்ல மனிதர். போன மாதம் முதல் வரிசையில் எனக்கொரு நாற்காலி போட்டுவைத்திருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டுப் படிக்கே போய்விட்டேன்.

ஆம்பை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். கம்பெனி போனை கம்பெனி வாங்கிக்கொண்டது. சில சமயம் ஒயரை மாட்டி, சிவப்பு விளக்கு எரிந்ததும் முட்டி போட்டுக் காதை வைத்துப் பார்க்கிறேன். எண்ணூறு வரை எண்ணுகிறேன். ஒரு சத்தமும் இல்லை. நல்ல ஆம்ப்.