ஆயுத பூஜையன்று என் காரைக் கழட்டியவன்

அந்த டப்பா ஒரு டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு அலுமினியம், தலையில் இரண்டு மூக்கு, அடியில் ஒரு திருகு. கூரியரில் வந்த அன்று அண்ணன் சாம்பார்ப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்ன கழிசடை இது?” என்றேன். “ஆயில் கேட்ச் கேன்” என்றான். அதற்கு மேல் அவனாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டான் என்பதால் நானே கேட்டுக் கேட்டுப் பிடுங்கினேன். எஞ்சின் ஓடும்போது அதன் வயிற்றிலிருந்து ஒரு காற்று வெளியே வருமாம். அதில் எண்ணெய் ஆவியாகக் கலந்திருக்குமாம். அந்தக் காற்றை ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சின் மறுபடியும் தானே இழுத்துக்கொள்ளுமாம். இழுக்க இழுக்க உள்ளே தார் மாதிரி பிசுக்குப் படியுமாம். குழாயை நடுவில் வெட்டி இந்த டப்பாவைச் சேர்த்துவிட்டால் எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். நல்ல யோசனைதான். ஆனால் வெட்டப்போவது என் காரின் குழாய். என்னை யாரும் கேட்கவில்லை.

நான் நர்ஸ். மைசூரில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டுப் போட்டுத் தொண்டை வற்றி, கடைசியில் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. குறை ஒன்றும் இல்லை, பேசமாட்டான், அவ்வளவுதான். மூன்று இடத்தில் பெண் பார்த்தோம். மூன்று இடத்திலும் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வீட்டில் “மாப்பிள்ளைக்குக் காது கேக்குமா?” என்று என்னிடமே கேட்டார்கள். நான்காவதாக, ஹனூருக்கு அப்பால் ராமாபுரத்தில் ஒரு இடம் வந்தது. பெண்ணுக்கு முப்பத்தாறு வயது, அப்பா போன பிறகு மாவு மில்லை அவளே நடத்துகிறாள். விஜயதசமி காலையில் வரச் சொன்னார்கள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தேடப்போவதில்லை என்று தரகர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அம்மா அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில், முதல் நாள், ஆயுத பூஜையன்று காலை ஏழு மணிக்கு அந்த மகான் என் காரின் பானெட்டைத் திறந்தான். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது குழாய் இரண்டு துண்டாகக் கிடந்தது. தூசி போகக்கூடாதென்று இரண்டு வெட்டுவாயிலும் பனியன் துணியைத் திணித்திருந்தான். டப்பாவை பேட்டரி பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மஞ்சள் தட்டோடு வந்து நின்றாள்.

“எடு எல்லாத்தையும். ஸ்பேனர், சுத்தி, திருப்புளி, ஒண்ணு விடாம வெளிய வரணும். கழுவி வெக்கணும், ராகுகாலம் வந்துரும்.”

“ரெண்டு போல்ட்டும்மா. அஞ்சே நிமிஷம்.”

“வருஷம் பூரா உனக்கு ஒழைக்குது. ஒரு நாள் அதுக்கு ரஜா குடுக்க மாட்டியா நீ?”

தொழிற்சாலையில் முந்நூறு கிலோ இரும்பைத் தூக்கி வைக்கும் கிரேனையே கையசைத்து ஆட்டிவைப்பவன், அம்மா முன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். அரை மணி நேரத்தில் வீட்டில் இருந்த அத்தனை கருவிகளும் பலகைமேல் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. காய்கறிக் கத்தி, அரிவாள்மனை, டி.வி. ரிமோட் எல்லாம் போனது. என் டியூட்டிப் பைக்கும் கை நீட்டினாள். “அதத் தொட்டா நடக்கறது வேற” என்றேன். கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் புனர்பூஜை முடியாமல் ஒரு ஆணியைக்கூட அங்கிருந்து எடுக்க விடமாட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் கிளம்பியாக வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் தசரா ஊர்வலக் கூட்டத்தில் ஊரை விட்டே வெளியேற முடியாது. புனர்பூஜையைச் சாயங்காலம் திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்பது அம்மாவின் ஏற்பாடு. வாடகைக் கார் தசராவில் கிடைக்காது. பஸ்ஸில் தாம்பூலத் தட்டோடு போய் இறங்க அம்மா சம்மதிக்கமாட்டாள். கருவியை எடுக்கவும் விடமாட்டாள். எல்லா வழியையும் அடைத்துவிட்டு “சாமி பாத்துக்கும்” என்றாள்.

அதோடும் விடவில்லை. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வண்டியை ஏற்றச் சொன்னாள். ஸ்டார்ட் செய்ய முடியாது என்று அண்ணன் கையை ஆட்டினான். நல்ல நேரம் போகிறது என்று அம்மா கத்தினாள். கடைசியில் தெருவே கூடித் தள்ளியது. நான் ஸ்டியரிங்கில். அண்ணன், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், அவருடைய மச்சான்கள் இரண்டு பேர், எதிர்வீட்டு டீச்சர். எல்லாரும் தள்ளுகிறார்கள், வண்டி நகரவில்லை. எலுமிச்சம்பழம்தான் தடுக்கிறது என்று ஒரு மச்சான் சொன்னான். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி எல்லாரையும் திட்டினேன். அப்போது ஆட்டோக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஒந்து நிமிஷ அக்கா, ஹேண்ட்பிரேக் எடுத்தீங்களா?” என்றார். எடுக்கவில்லை. எடுத்ததும் வண்டி துள்ளிக் குதித்து நான்கு பழத்தையும் நசுக்கி, அம்மா போட்ட கோலத்தையும் நசுக்கி, டீச்சர் வீட்டுச் செம்பருத்தியில் போய் முட்டி நின்றது. அம்மா கைதட்டினாள்.

சாயங்காலம் அண்ணன் கருவி கடன் கேட்கக் கிளம்பினான். கேட்க அவனுக்கு வாய் வராது என்பதால் நானும் போனேன். ஆட்டோக்காரர் வீட்டுக் கருவி பூஜையில். முனையில் இருக்கும் மெக்கானிக் கடையில் எல்லாம் பூஜையில், கடைக்கு முன்னால் வாழைமரம். மைசூரில் அன்று ஒரு ஸ்பேனர்கூட வேலையில் இல்லை. எனக்குத் திடீரென்று டீச்சர் ஞாபகம் வந்தது. டீச்சர் சர்ச்சுக்குப் போகிறவர், அவர் வீட்டில் ஏது ஆயுத பூஜை? ஓடினேன். “ஐயோ, நீ முன்னாடியே கேக்கலையேம்மா” என்றார் டீச்சர். “நம்ம தோட்டக்காரரு பூஜைக்கு வெக்கணும்னு காலையிலயே டூல்ஸ் டப்பாவோட வாங்கிட்டுப் போயிட்டாரு. மண்வெட்டியும் சேத்துத்தான்.”

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு நான் என் டியூட்டிப் பையைத் திறந்தேன். என் சொந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி, அதைக் கொடுத்தேன். குழாயை இறுக்கும் கிளாம்ப்பின் திருகை அண்ணன் அதைக்கொண்டு பிடித்துத் திருகினான். டப்பாவை வண்டியோடு சேர்த்து முடுக்கத்தான் வழி இல்லை. என்னிடம் நான்கு ரோல் பேண்டேஜ் இருந்தது. கை முறிந்தவனுக்குக் கட்டுவதுபோல் டப்பாவை பேட்டரித் தாங்கியோடு சேர்த்து நானே கட்டினேன். நல்ல கட்டு. எங்கள் டாக்டர்கள் பார்த்தால் பாராட்டியிருப்பார்கள். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கொள்ளேகால் தாண்டும்வரை வண்டி நன்றாகவே ஓடியது. ஹனூர் நெருங்கும்போது எண்ணெய் கருகும் வாடை. அப்புறம் புகை. பானெட்டைத் திறந்தால், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தன் ஓட்டையிலிருந்து துப்பப்பட்டு வெளியே கிடந்தது. எஞ்சின் முழுக்க எண்ணெய் தெறித்திருந்தது. என் வெள்ளை பேண்டேஜ் கறுப்பாகிவிட்டது. அண்ணன் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஃபோர்செப்ஸால் குழாயைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு பனியன் துணியை இழுத்தான். திணித்தது இரண்டு துணி, எடுத்தது ஒன்று. எஞ்சினுக்கு மூச்சு விட வழியில்லாமல் அது கம்பியைத் தள்ளிவிட்டு அந்த ஓட்டை வழியாக விட்டிருக்கிறது. அம்மா பின் சீட்டில் கந்த சஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்தாள். ஹனூரில் எண்ணெய் வாங்கி ஊற்றினோம். துணி எடுத்ததும் வண்டி சரியாகிவிட்டது. ஆனால் தெறித்த எண்ணெய் எரிந்து தீரும்வரை புகை வரும். அவன் வெள்ளைச் சட்டையின் கதை தனி.

ராமாபுரத்தில் பெண் வீட்டு வாசலில் ஊரே திரும்பிப் பார்க்க, சாம்பிராணி போட்டதுபோல் புகைந்துகொண்டு போய் இறங்கினோம். பெண்ணின் தாய்மாமன் வந்தார். “வாங்க, வாங்க. ஏனுங், வண்டி தீப்புடிச்சிருச்சுங்களா?” என்றார். உள்ளே உட்கார்ந்தோம். அண்ணன் இரண்டு கையையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். பெண் காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை. மறுபடி நீட்டினாள். தலையை ஆட்டினான். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம், “கை நடுங்குமாட்ட இருக்குதுங்க்கா. குடிப்பாராட்ட” என்று சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து போய் அவன் துண்டை உருவி, இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். முழங்கைவரை கறுப்பு. “குடிக்கிற கை இல்லைங்க. நல்லா ஓடிட்டிருந்த என் கார நேத்து கழட்டின கை!” என்று கத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்கும் தெரிந்தது.

பெண் காபித் தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். “ஓடிட்டிருக்கற வண்டிய எதுக்குங்க கழட்டுனீங்க?” என்றாள்.

அண்ணன் சுவரிலிருந்து கண்ணை எடுத்துத் தன் கறுத்த கைகளைப் பார்த்தான். பிறகு, “இன்னைக்கு இங்க வரணும்னு பயமா இருந்துச்சு” என்றான். “பயம் வந்தா எதையாவது கழட்டுவேன்.”

நான் அவன் கையை அப்போதுதான் விட்டேன். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று இவன் வீட்டில் இருந்த சீலிங் ஃபேனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு வராமல் என்ன வேலை என்று காறித் துப்பினேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போனாரே, அந்த வாரம் என் மிக்ஸியை நான்கு முறை பிரித்து மாட்டினான். சனியனே, சட்னிகூட அரைக்க விடமாட்டாயா என்று கேட்டேன். நோயாளி முகத்தைப் பார்த்தே வலி எங்கே என்று சொல்வேன் என்று பெருமை பேசுகிறவள் நான். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை.

“இப்பப் பயம் போயிருச்சுங்களா?” என்றாள் பெண்.

“இல்ல.”

“அப்ப வாங்க. எங்க மில்லு மோட்டாரு ஒண்ணு மூணு மாசமா ஓடாமக் கெடக்குதுங்க. பயப்படாதீங்க, ஸ்பேனருக்குப் புனர்பூஜ காத்தாலயே ஆயிருச்சு.”

தாய்மாமன் வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் எழுந்து அவள் பின்னால் போய்விட்டான். இரண்டு குடும்பமும் இரண்டு மணி நேரம் திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவன் மோட்டாரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. நடுவில் ஒரு தடவை, எங்களுக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்த தரகர் என் காதருகே குனிந்து, “இதையெல்லாம் மொதல் பொண்ணு வீட்லயே பேசியிருக்கலாம்ல?” என்றார். மோட்டார் ஓடவில்லை, அது வேறு விஷயம். கல்யாணம் தை மாதம் நடந்தது.

போன வருடம் அண்ணியின் பிரசவம் நான் வேலை செய்யும் மருத்துவமனையில்தான். வலி எடுத்து ஐந்து மணி நேரம். செக்யூரிட்டி மேலே வந்து, “சிஸ்டர், பார்க்கிங்ல உங்க கார யாரோ கழட்டுறாங்க” என்றார். போலீசுக்குச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். எங்கள் வீட்டு ஆள்தான், விட்டுவிடுங்கள் என்றேன். அண்ணி கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“எதுவரைக்கும் கழட்டியிருக்காருங்க?” என்றாள்.

“பேட்டரிய எறக்கிட்டாராம்.”

“பேட்டரியா?” அடுத்த வலி வந்து போகும்வரை என் கையைப் பிடித்து நெரித்தாள். “ரொம்பப் பயந்திருக்காருங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.”

போனேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் விரித்த செய்தித்தாளில் என் கார் பாதி கிடந்தது. திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். பழக்கமில்லாத வேலை, தொண்டை வலித்தது. பக்கத்தில் நின்று, அவன் ஒவ்வொன்றாக நீட்டிய நட்டுகளை வாங்கி உருளாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.