என் பெயருக்கு வந்த மாலை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செத்துப்போன செய்தியை முதன்முதலில் வெளியே சொன்னவன் நான்தான். அதுவும் தொண்டை அடைக்க, நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை யாராவது செய்திருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷமாவது மிஞ்சும்.

இது நடந்து இரண்டரை வருடம் இருக்கும். எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில், நெல்லிக்குப்பம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. ஆயிரம் போல்ட்டில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட கண். கிரெடிட் கார்டு பில்லைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கண்ணுக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

கார்டு வந்த புதிதில் எனக்குப் பதவி உயர்வும் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் விருந்து கேட்டார்கள். கூடுவாஞ்சேரியிலேயே பிரியாணியோடு முடித்திருக்கலாம். நான் பன்னிரண்டு பேரை மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போனேன். இறாலும் நண்டுமாகத் தட்டு தட்டாக வந்தது. கடைசியில் பில் வந்ததும், அதில் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் இரண்டு விரலால் கார்டை நீட்டினேன் பாருங்கள், அந்தத் தோரணைக்கே தனியாக வட்டி போட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் பில் வந்தது. மொத்தம் பத்தொன்பதாயிரம். அதன் கீழே, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது தொள்ளாயிரத்து ஐம்பது என்று போட்டிருந்தது. என்ன தங்கமான மனுஷர்கள் என்று நெகிழ்ந்துபோனேன். மீதிக்கு மாதம் மூன்றரை வட்டி ஓடும் என்பதைப் பில்லின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருந்தார்கள். நான் எறும்புகளைத் தொந்தரவு செய்யவில்லை.

பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, மகளுக்கு போன் வந்தது, மச்சான் கல்யாணத்துக்கு மோதிரம் வந்தது. மாதாமாதம் அந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, கடனையெல்லாம் கட்டிக்கொண்டிருக்கும் யோக்கியனாக உலவினேன். மூன்றாவது வருடம் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. நாலு மாதம் எதுவுமே கட்டவில்லை. அபராதம், அபராதத்துக்கு வட்டி என்று எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் வந்து நின்றது.

இதில் ஒரு ரூபாயும் என் மனைவிக்குத் தெரியாது. அவள் வீட்டில் ஜாக்கெட் தைத்து, மாதச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற மகளின் காலேஜ் ஃபீஸுக்கு அந்தச் சீட்டுதான். கடன் விஷயம் தெரிந்தால் அந்தப் பணத்தைத் தூக்கி என் கையில் கொடுத்துவிடுவாள் என்று தெரியும். அவள் திட்டுவாளோ என்ற பயத்தைவிட, கொடுத்துவிடுவாளோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

கார்டு கம்பெனியிலிருந்து தினமும் ஏழெட்டு போன். ஒருநாள் ரயிலில் போகிறேன் என்பேன். நம்பிக்கை வருவதற்காக வாயால் ‘தடக் தடக்’ வேறு. ஒருநாள் ராங் நம்பர் என்பேன். ஒரு மத்தியான வேளை, கேன்டீனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு பெண்ணிடம் குரலை மாற்றிச் சொல்லிவிட்டேன்: “நான் அவரு தம்பிங்க. அண்ணன் போன வாரம் தவறிட்டாரு.”

அந்தப் பெண் பதறிப்போனாள். “ஐயோ சார்… எப்படி சார்?” என்றாள். ஹார்ட் என்றேன். வயது கேட்டாள். நாற்பத்தாறு என்றேன். “குழந்தைங்க இருக்காங்களா சார்?” என்று கேட்டாள். “ஒரே பொண்ணு. பிளஸ் டூ” என்று சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனிதன் இப்படி அநியாயமாகப் போய்விட்டானே என்று.

அடுத்த பத்து நாள் ஒரு போன்கூட வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், செத்த பிறகுதான் நான் நிம்மதியாக வாழ்ந்தேன்.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, வண்டிக் கொக்கியில் வாழையிலைப் பொட்டலம். அதிலிருந்து சம்பங்கி எட்டிப் பார்த்தது.

“அண்ணாத்த, இந்த நம்பரு வூடு இதானே? ஸ்டோர்ஸ்ல வேல செஞ்சிகினு இருந்தாரே ஒருத்தரு, தவறிட்டாரே…”

“யாரு?” என்று நான் உண்மையாகவே பதறிவிட்டேன். அடுத்த நொடிதான் உறைத்தது, தவறியது யார் என்று. வாய் அது பாட்டுக்கு, “நான் அவரு தம்பி” என்றது.

அவர் என் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மனச தேத்திக்கங்கண்ணே. நாப்பத்தாறுலாம் ஒரு வயசா?”

“எல்லாம் விதி” என்றேன். ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் என் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

“கார்டு கம்பெனிலேர்ந்து வர்றேன். பயப்படாதீங்க, காசு கேக்க வரல. அவரு போட்டோக்கு இந்த மாலைய போட்டுட்டு, அண்ணியாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன். உள்ள கீறாங்களா?”

அண்ணி உள்ளேதான் இருந்தாள். இருந்தது மட்டுமில்லை, அந்த நேரம் பார்த்து வெளியேயும் வந்தாள். தலை நிறைய மல்லி. நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய குங்குமம்.

“ஏங்க, எத்தினி நேரமா ஒரு வண்டிய கழுவிகினு இருப்பீங்க? தொட்டித் தண்ணி தீரப்போவுது!” என்றவள், வந்தவரைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். “யாருங்க இவரு?”

அவர் அவள் நெற்றியைப் பார்த்தார். கழுத்தில் தாலியைப் பார்த்தார். கடைசியாக, மெதுவாக, என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கணக்கு போட்டு முடித்தது தெரிந்தது. அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், என் இருபது வருடக் குடித்தனம் அந்த வாசல் தண்ணீரோடு ஓடிப்போகும். 

“தெரு மாறி வந்துட்டேன்கா” என்றார் அவர். “சாவு வூடு பக்கத்துத் தெருவாம். அண்ணனாண்ட வழி கேட்டுகினு இருந்தேன்.”

“அய்யோ பாவம்” என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். “கூடப் போயி காட்டிட்டுதான் வாங்களேன்.”

போனேன். தெருமுனையில் டீக்கடை. அவர் இரண்டு டீ சொன்னார்.  “அடிக்கிறதுன்னா டீ வர்றதுக்குள்ள அடிச்சிடுங்க” என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இன்னாத்துக்குண்ணே செத்தீங்க?”

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ரிசார்ட்டிலிருந்து சீட்டுவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் டீ வந்து ஆறிப்போயிற்று.

அவர் மாலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். “எங்க ஊரு திருவிடந்தை. விடிகாலைல அங்க கோயில் வாசல்லதான் பூக்கட இருக்கும். அங்க மாலை வாங்கினா கல்யாணம் ஆவும்னு எங்கெங்கேர்ந்தோ வருவாங்க. பூக்கார அம்மா, யாருக்குப்பா கல்யாணம்னு கேட்டுச்சு. சாவுக்குன்னு சொன்னா குடுக்காது. தலைய ஆட்டிகினு வாங்கினு வந்தேன். கல்யாண மாலைய வாங்கி, முப்பது கிலோமீட்டரு வண்டி ஓட்டிகினு வந்து பாத்தா, செத்தவரு வண்டி கழுவிகினு கீறாரு.”

“கம்பெனியில மாலையெல்லாம் வாங்கித் தருவாங்களா?” என்று கேட்டேன். என் புத்தி அப்போதும் அப்படித்தான் போயிற்று.

“என் காசுண்ணே. செத்த வூட்ல வெறுங்கையோட போயி நிக்க முடியுமா?”

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. “டெத் சர்ட்டிபிகேட்டு வாங்கினு வான்னு அனுப்பினாங்க. நான் அதுக்கு மட்டும் வரல. இந்த மாதிரி வூட்ல, புருசன் வெச்ச கடன்னு பயந்துகினு இருக்கற நகைய வித்து கட்டிடுவாங்க. கார்டு கடனுக்கு உங்க கைக்காச குடுக்கணும்னு இல்லக்கா, யாரு மெரட்டினாலும் குடுக்காதீங்கன்னு காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அத நீங்க சொல்லலாமா?”

“தெரிஞ்சா வேல போயிடும்.”

  இத்தனை நாள் நான் ‘தடக் தடக்’ என்று ஏமாற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், பார்த்தேயிராத என் மனைவியின் நகையைக் காப்பாற்ற, தன் வேலையைப் பணயம் வைத்து, தன் காசில் மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். தாலி கட்டியவன் நான், அவளை என்ன கோலத்தில் நிறுத்தியிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

“உயிரோட கீறாருன்னு எழுதித்தான் ஆவணும்ணே. அத மறைக்க மாட்டேன். நாளைலேர்ந்து போன் வரும். எடுத்துப் பேசுங்க. மொத்தமும் கட்ட முடியலன்னா, கார்ட மூடிட்டு, பாக்கிய கம்மி வட்டில தவணையா மாத்திக் குடுங்கன்னு எழுதிக் கேளுங்க. பாதிய தள்ளிட்டு முடிச்சிக்கலாம்னு எவனாச்சும் சொன்னா தலைய ஆட்டிடாதீங்க. அது பேர்ல கறையா நிக்கும், நாளைக்குப் பொண்ணு படிப்புக்கு லோன் கேட்டா பேஜாரு. அந்தச் சீட்டுக் காச தொடாதீங்க. இன்னொண்ணு, போன்ல கேக்காதீங்க. எழுதியே குடுங்க. உங்க வாயி சரியில்ல.”

என் வாயைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. நான் சட்டைப் பைக்குள் கைவிடப் போனேன். லுங்கியில் வந்தவனுக்குச் சட்டை ஏது? டீக்காரரிடம் கணக்கில் வைக்கச் சொல்லிவிட்டு, “மாலைக்கு எவ்வளவு? வீட்டுக்கு வந்தா தந்துடறேன்” என்றேன்.

“வேணாம்ணே. உங்களாண்ட கேட்டா அதுலயும் பத்து ரூவா மினிமம் கட்டுவீங்க.” அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். எழுந்து, பொட்டலத்தை என் கையில் வைத்தார். “உங்க பேருக்கு வாங்கினது. நீங்களே எடுத்துகினு போங்க. வூட்ல கேப்பாங்க இல்ல, அப்ப சொல்லிடுங்க.”

அவர் வண்டி நெல்லிக்குப்பம் ரோட்டில் திரும்புகிறவரை நின்றேன். டீக்கடையிலிருந்து என் வீடு முந்நூறு அடிதான். என் மாலையை நானே தூக்கிக்கொண்டு நடந்த அந்த முந்நூறு அடிதான் என் வாழ்நாளிலேயே நீளமான ஊர்வலம்.

“எழவு வூட்டு மாலைய நீங்க ஏன் தூக்கினு வர்றீங்க?” என்றாள் மனைவி.

“எனக்குத்தான்” என்றேன். அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றபோதுகூட அவள் குனிந்து துணியை மடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் செத்த இடம் வந்ததும்தான் தலை நிமிர்ந்தாள்.

“கடன வுடுங்க. என்ன தாலி அறுத்தவளாக்கிட்டீங்களே, இத இன்னும் எத்தினி பேராண்ட சொல்லிகீறீங்க?”

மாலைப் பொட்டலத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். 

இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மாலையைத் தெருப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு வந்தாள். கோயில் வாசலில் கட்டிய பூ, சாமிக்கே போகட்டும் என்று மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. மூன்றாம் நாள் எல்லா பில்லையும் எடுத்து வரச் சொல்லி, கடைசிப் பக்கத்து எறும்புகளைச் சத்தமாகப் படிக்க வைத்தாள். பிறகு துணி வெட்டுகிற கத்தரியால் கார்டை எட்டுத் துண்டாக்கினாள். அளவெடுக்கிற நோட்டில் கடிதம் எழுதியதும் அவள்தான். கையெழுத்து மட்டும் என்னுடையது. சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று கடிதம் போன பிறகுதான் இருபத்து நாலு தவணைக்கு இறங்கி வந்தார்கள். சீட்டுப் பணம் மகளின் காலேஜுக்கே போனது. நான் கேன்டீன் டீயை நிறுத்தினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தேன். இப்போது ஓரளவு நேராகவே தைக்கிறேன் என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்.

போன மாதம் கடைசித் தவணை கட்டினேன். பாக்கி எதுவும் இல்லை என்று கம்பெனி கடிதம் கொடுத்ததும், அன்றைக்கு டீக்கடையில் அவர் எழுதிக் கொடுத்திருந்த நம்பரைக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் போனில் யாராவது கறாராகப் பேசினால், வெடுக்கென்று வைக்க மனம் வருவதில்லை. இந்த மனிதரும் யார் வீட்டுக்காவது தன் காசில் மாலை வாங்கிக்கொண்டு போகிறவராக இருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. அதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நீங்கள் இல்லையென்றால் என் குடும்பம் என்ன ஆகியிருக்கும், உங்களை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன், ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டிவிட்டேன் என்று மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மாலைக்கு எரநூறு ரூவா பாக்கி கீதுண்ணே, வட்டி வேணாம்.”