கேஜ் முள் அசைந்த வெள்ளிக்கிழமை

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாததால் ஒரு வாரம் நான் பெரிய மனுஷியாக இருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. வாய்க்கு மட்டும் முப்பது வயது என்று அம்மா சொல்வார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அகதியாகப் படகில் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துசேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கொழும்பில் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் ஏசி திருத்துவதில் அவரை அடிக்க ஆளில்லை என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா சொல்வார். வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடித்துப் போவார்கள். வேலை செய்யலாம் என்ற அரசாங்கக் கடிதம் வந்த பிறகும் சித்தப்பா அயலட்டையில் உள்ளவர்களின் ஃபிரிட்ஜைத் திருத்திக்கொண்டு வீட்டில்தான் இருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் குசினிக்குள் குரலைத் தாழ்த்திச் சண்டை பிடிப்பார்கள். “எவ்வளவு காலத்துக்கு” என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். என் அறைக்கே கேட்டால், குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

அந்த ஜனவரிக் கோடையில் அப்பா யார் யாரையோ பிடித்து ஒரு இடம் கண்டுபிடித்தார். கேம்பல்ஃபீல்டில் பழைய வாகனங்களைப் புதுப்பிக்கும் கராஜ் அது. அதன் முதலாளி அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரர். எழுபதுகளில் செய்த அமெரிக்க ட்ரக் ஒன்றை அவர் பிள்ளைபோல வைத்திருந்தார். எல்லாம் புதுப்பித்தாயிற்று, கொம்பனியிலேயே பூட்டி வந்த ஏசி மட்டும் செத்துக் கிடந்தது. புதுசு ஒன்றை வாங்கிப் பூட்டினால் ஒரு நாள் வேலை. ஆனால் அவருக்கு அதே கொம்பிரசர், அதே குழாய்கள், அதே பொத்தான்கள்தான் வேண்டும். கண்காட்சியில் பொனட்டைத் திறந்து பார்ப்பவர்கள் உள்ளே புதிய பொருள் எதையும் காணக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் ஏசி குளிர்ந்தால் சித்தப்பாவுக்குத் திங்கட்கிழமையிலிருந்து நிரந்தர வேலை. அதுதான் பேச்சு.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் லீவு கிடையாது. எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு வந்தது.

அந்தப் பதவியை நான் நேர்மையாக வகித்தேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதலாளி ஒரு சொல் கேட்டால் சித்தப்பா பத்து நிமிடம் விளக்குவார். கொழும்பில் இப்படித்தான் ஒரு லொறி வந்தது என்று தொடங்குவார். நான் அதை “முடியும் என்கிறார்” என்று சுருக்கிவிடுவேன். “இது எனக்குப் புதுசு, ஒருக்காக் கழட்டிப் பாக்கோணும்” என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “இதுபோல நிறையச் செய்திருக்கிறார்” என்று சொல்லிவைத்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

வியாழன் மாலைக்குள் சித்தப்பா எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, உலர்த்தி, குழாய்களின் வாயை மூடி ஒரு துணியில் வரிசையாக வைத்திருந்தார். பொருத்துகிற இடங்களுக்குப் புதிய பச்சை ரப்பர் வளையங்கள். அந்த இடத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் குளிரவைக்கும் காஸ் வெளியே போய்விடும் என்று அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். நான் ஓம் ஓம் என்றேன்.

அன்றிரவு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். த பேசின் என்ற ஊரில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் சித்தப்பாவின் பெயருக்கு அர்ச்சனை செய்து கொண்டுவந்த விபூதி. “நாளைக்கு அவர் பூட்டுறதுக்கு முதல், மெசினுக்குப் பூசிவிடு. ஒருத்தருக்கும் காட்டாதை. வெள்ளைக்காரன் ஒருமாதிரி நினைப்பான்” என்றார். அம்மா அந்த வாரம் முழுக்க விரதமிருந்து ஒருநேரம்தான் சாப்பிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை காலையே வெயில் நாற்பதைத் தொட்டது. சித்தப்பா முதல் இரண்டு வளையங்களுக்கு எண்ணெய் தடவி இருத்திவிட்டுக் கை கழுவப் போனார். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கே பூசுவது? கொம்பிரசர் கறுப்புப் பூச்சில் மினுங்கியது. அதில் மூன்று குறி இழுத்தால் முதலாளியின் கண்ணில் உடனே படும். வெளியே தெரியாத இடமாகத் தேடினேன். ஒரு குழாயின் வாய் கண்ணில் பட்டது, உள்விளிம்பில் எண்ணெய் பூசிய பச்சை வளையம். பிள்ளையாரே என்று ஒரு சிட்டிகை எடுத்து அதைச் சுற்றித் தடவினேன். எண்ணெயில் அது சட்டென்று மறைந்துபோனது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் எல்லாம் பூட்டியாயிற்று. அதன்பிறகு சோதனை. ஒரு பம்ப் உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுக்கும். பிறகு வால்வைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்கிய இடத்திலேயே நின்றால் எங்கேயும் ஒழுக்கு இல்லை. அப்படி நின்றால் முதலாளி காஸ் அடிப்பார், அதற்கான அனுமதி அவரிடம்தான் இருந்தது.

பம்ப் நின்றதும் கராஜ் முழுக்க ஒரே அமைதி. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா முள்ளைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அவருடைய கழுத்தில் வியர்வை இறங்கி ஷேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். முள் ஒரு மயிரிழை மேலே வந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று கண்ணைக் கசக்கினேன். மறுபடியும் வந்தது. முதலாளி கடிகாரக் கையைக் கீழே விட்டார்.

சித்தப்பா ஒவ்வொரு பொருத்தாகக் கழற்றத் தொடங்கினார். முதலாவது சுத்தம். இரண்டாவதைக் கழற்றியபோது பச்சை வளையத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருந்தது. அவர் அதை விரலில் எடுத்து உரசிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

பொட்டலக் கடதாசி இன்னும் என் கவுன் பைக்குள் இருந்தது.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். அலுமினியக் குழாயில் பழைய துருவும் அப்படித்தான் வெள்ளைத் தூளாக இருக்குமாம். இதைத் துடைக்காமலா மூடினார், கேள் என்றார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மிக மெதுவாகக் கேட்டார்.

நான் சித்தப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. அவராகவே விளங்கிக்கொண்டு சொன்னார்: “நான் வடிவாத் துடைக்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை. என்ர பிழை எண்டு சொல்லு.” நான் கவுன் பையைப் பொத்திப் பிடித்தேன். “கூட்டிக் குறைக்காமச் சொல்லு” என்றார்.

சொன்னேன். அந்த வாரத்தில் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அந்தப் பொய்யைத்தான்.

சித்தப்பா மறுபடி எல்லாவற்றையும் கழுவி, புதிய வளையங்கள் போட்டுப் பூட்டினார். இரண்டாம் தடவை முள் அசையவே இல்லை. முதலாளி காஸ் அடித்து, எஞ்சினைப் போட்டு, காற்று வருகிற இடத்தில் வெப்பமானியைச் செருகினார். நான்கு பாகை. சித்தப்பா என்னைத் தூக்கி ட்ரக்கின் சீட்டில் இருத்தினார். முகத்தில் அடித்த குளிரில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று, நான் சிரித்தேன்கூட.

முதலாளி சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என்னிடம் பேசினார். நல்ல கை, ஆனால் பார்க்காமல் மூடுகிறவரை நம்பி வாடிக்கையாளரின் வாகனத்தை விட முடியாது என்று சொல்லச் சொன்னார். நான் “இப்ப இடம் இல்லையாம்” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா தன் ஸ்பானர் சாவிகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, “சொன்னபடி பூசினியோ?” என்று கேட்டார். சித்தப்பா தலை நிமிராமல், “ஓம் அண்ணி, பூசினவள். ட்ரக் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. அந்த மனுசனுக்குத்தான் ஆள் தேவையில்லையாம்” என்றார். அம்மா, “அதுக்கென்ன, வேற இடம் வரும்” என்று சொல்லி அவருடைய தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.

என்னை அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றத்தான் அவர் பொய் சொன்னார் என்று நான் நினைத்தேன். பல வருடங்களாக அப்படித்தான் நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் வேறொன்று விளங்கியது. அண்ணி வீட்டில் உண்டு உறங்குகிற ஒரு மனிதர், அண்ணி கும்பிட்டுக் கொடுத்த விபூதியால்தான் வேலை போனது என்று எந்த வாயால் சொல்வார்? அது வெளியே வந்திருந்தால் அம்மா அதன்பிறகு அவருடைய முகத்தைப் பார்த்திருப்பாரா? கராஜிலேயே, அந்தத் தூளை முகர்ந்த கணத்திலேயே, அவர் இதையெல்லாம் யோசித்துவிட்டார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

திங்கட்கிழமை விடிவதற்குமுன் அவர் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போனார். நானும் அவசரமாக எழுந்து, பல் தீட்டி, தலை வாரி இழுத்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அங்கே ஒருவரும் கதைக்கத் தேவையில்லை, நீ போய்ப் படு என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடுமுறையில் இன்னும் ஒரு முழு வாரம் மிச்சமிருந்தது.