கட்டை விரலைத் தளர்த்தச் சொன்ன ஜெசிந்தா

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். நம் சனிக்கிழமை கிட்டார் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பகலில் எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. இப்போது கோபம்தான் மிச்சம் இருக்கிறது, அதனால் எழுத முடிகிறது.

செய்தி வந்தபோது சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன், இடுப்பில் குழந்தையோடு. நூர்ஜஹான்தான் அழைத்தாள். "ஜெசிந்தா இறந்துட்டாங்க. காய்ச்சல்னு சேர்த்தாங்க, திரும்பவே இல்ல." நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "சனிக்கிழமை எஃப் கார்டு வாசிச்சுக் காட்டச் சொன்னாங்களே" என்றேன். நூர்ஜஹான் அந்தப் பக்கம் அழுதுகொண்டே, "எனக்கும்தான் சொன்னாங்க" என்றாள்.

ஜெசிந்தா என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தார். சனிக்கிழமைகளில், மேலப்புதூரில் தையற்கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையில், வாழ்நாளில் கிட்டாரைத் தொட்டிராத நம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.

கதவில் நூல் கட்டித் தொங்கிய நகவெட்டியை யாரால் மறக்க முடியும்? தங்கையின் கல்யாணத்துக்காக நூர்ஜஹான் நகம் வளர்த்து மருதாணியோடு வந்த நாள் நினைவிருக்கிறதா?

"மருதாணி அழகா இருக்கு. இடது கை நகத்தை மட்டும் வெட்டிட்டு உள்ள வாங்க."

"ஐயோ, நாளைக்கு வலீமா விருந்துங்க! எல்லாரும் கையத்தான் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். நகம் நீட்டிக்கிட்டு நின்னா விரல் நுனி கம்பியில உக்காராது. வலது கை உங்க இஷ்டம்."

நூர்ஜஹான் படிக்கட்டில் உட்கார்ந்து முனகிக்கொண்டே வெட்டினாள். "வலது கையால பிரியாணி சாப்பிடுவேன், இடது கையைத் துப்பட்டாவுக்குள்ள வச்சுக்கிறேன்." ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் கீழே தையல் மெஷின் நின்றுவிட்டது.

என் சிக்கல் வேறு. சிறு வயதில் வீணை கற்றவள் நான். வீணையில் இரண்டே விரல்களால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் ஸ்வரத்தை அசைப்போம். கிட்டாரிலும் என் விரல்கள் தாமாகவே இழுத்தன. பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி மீட்டும் கார்டு மொத்தமும் சுருதி விலகியது. கிட்டாரைத்தான் குறை சொன்னேன். ஜெசிந்தா அதை வாங்கி வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சரியாத்தான் இருக்கு ஸ்ரீரங்கத்தம்மா. நீங்க இழுக்கிறீங்க. அப்புறம் இந்த மோதிர விரலும் சுண்டு விரலும் என்ன, கல்யாணத்துக்கு வந்த மாதிரி சும்மா நிக்குது?"

வீட்டில் மாமியாரின் ராகம் தனி. "ஆத்துல வீணை தூசி படிஞ்சு கெடக்கு. இவளுக்கு கிட்டாராம்!" இதை ஜெசிந்தாவிடம் சொன்னபோது, "அவங்க சொல்றது நியாயம்தானே? வீணையை விடாதீங்க" என்றார். "இங்க மட்டும் கம்பியை நேரா அமுக்குங்க. மெட்டு மேல இல்ல, அதை ஒட்டினாப்புல பின்னால." கம்பிக்கு அடியில் வரிசையாக இருக்கும் உலோகத் துண்டுகளுக்கு வீணையில் சொல்லும் 'மெட்டு' என்ற சொல்லை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து எல்லோருக்கும் அதையே சொன்னார்.

பிறகு வந்தது எஃப். ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் அமுக்க வேண்டும். நான் கட்டை விரலை இடுக்கிபோல் நெரித்தேன். குழந்தை பிறந்ததிலிருந்தே வலித்துக்கொண்டிருந்த கட்டை விரல் அது. மணிக்கட்டு வளைந்தது, சத்தம் வரவில்லை. அப்போது பாயில் கிடந்த குழந்தை சிணுங்க, பாய்ந்து தூக்கினேன். ஜெசிந்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தையையும் இப்படித்தான் பிடிக்கிறீங்களா? எங்க ஓடிடப் போகுது?"

குழந்தையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, என் கட்டை விரலை கிட்டாரின் கழுத்திலிருந்து முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார். "இப்ப கை கனத்தால இழுத்து அமுக்குங்க." நான்கு கம்பிகள் பேசின. "பார்த்தீங்களா? கட்டை விரல் ஒரு சாய்மானம், அவ்வளவுதான். பயத்தையெல்லாம் அதுல ஏத்தாதீங்க. விரல் நுனி வலிச்சா வாசிங்க. மணிக்கட்டு வலிச்சா நிறுத்துங்க."

குழந்தை மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறவள் நான். எத்தனையோ பேர் பயப்படாதே என்றிருக்கிறார்கள். பயம் எந்த விரலில் இருக்கிறது என்று காட்டியவர் அவர் ஒருவர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு ஜெசிந்தாவின் அண்ணன் வெளியிலிருந்து வாத்தியக் குழுவை ஏற்பாடு செய்திருக்கிறார். நாம் வாசிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, கைலாசபுரம் இந்திரா அக்கா நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "பாதி கத்துக்கிட்டதை வச்சுக்கிட்டு அங்க போய் அவங்க பேரைக் கெடுக்கணுமா?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல் படங்கள். அந்த விரலைத்தானே அவர் தளர்த்தச் சொன்னார்?

நான் அண்ணனை அழைத்தேன்.

"ஆள் பேசியாச்சும்மா. நீங்க வந்து உக்காந்தாலே போதும்."

"சும்மா உக்கார மாட்டோம் அண்ணா. எங்க கை அவங்க திருத்தின கை."

"தப்பா வந்தா?"

"வரும். அவங்க கேக்காத தப்பு ஒண்ணும் எங்ககிட்ட இல்ல."

அண்ணன் பாட்டுத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கடைசிப் பாட்டை நீங்க வாசிங்க. எத்தனை பேருன்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, நாற்காலி போடணும்" என்றார்.

இந்திரா அக்கா, அந்தப் பாட்டில் எஃப் வருகிறது. என் கையில் அது நரநரவென்றுதான் ஒலிக்கும். "நரநரன்னு வந்தா வரட்டும், பாட்டை நிறுத்தாதீங்க" என்று அவர் உங்களிடம்தான் அதிகம் சொன்னார். முழுதாகக் கற்றுக்கொடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கொடுத்த அளவு நம் கையில் இருக்கிறது. அதை ஒளித்து வைத்துவிட்டு, கூலிக்கு வந்தவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கைக்குட்டையை நனைக்க நான் வரமாட்டேன். யாரும் வராவிட்டால் ஒரு நாற்காலி போதும் என்று சொல்லிவிடுவேன்.

இடது கை விரல் நுனிகளில் தோல் காய்த்திருக்கிறது. அது அவர் கொடுத்தது. குழந்தையைத் தூக்கும்போது இப்போதெல்லாம் கட்டை விரல் வலிப்பதில்லை. அதுவும் அவர் கொடுத்ததுதான். இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

வருகிறீர்களா, இல்லையா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.