தலையாட்டாமல் சீட்டுப் போடுவது

சென்ற ஆண்டு பனிக்காலத்தில், லண்டன் நடுப்பகுதியில் உள்ள ஒரு காசினோவில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நடந்தது இது. காசினோ என்றதும், "ஐயையோ, விளையாடப் போய் அழிந்த கதையா?" என்று நினைத்து விடாதீர்கள். நான் விளையாடப் போனவள் அல்ல, அங்கே மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போடுகிறவள். டீலர் என்பார்கள். கறுப்புச் சட்டை, கழுத்தில் சின்னப் பட்டி, சட்டைப் பை எல்லாம் தைத்து மூடிய சீருடை. நாற்பத்தைந்து வயது தாண்டிய யாழ்ப்பாணப் பெண்ணுக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: சம்பளம் ஒழுங்காக வருகிற வேலை.

ஜெர்மனியில் இருந்து பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து நோர்பரியில் குடியேறினோம். பெரிய கடையொன்றில் கல்லாவில் நின்றேன். கடைக்காரர்கள் என் இடத்தில் இயந்திரத்தை வைத்துவிட்டு, கைகுலுக்கி அனுப்பினார்கள். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மனக்கணக்குத் தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் பழக்குகிறோம் என்று இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே கணவரிடம் காட்டினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இஞ்சரும், உது உமக்கெண்டே செய்த வேலை. வீட்டுக்கு வாற ஆக்களையெல்லாம் முன்னூற்றிநாலில அழ வைக்கிறீர். அதுக்கு ஆரும் சம்பளம் தருகினமே?"

முன்னூற்றிநாலு எங்கள் ஊர்ச் சீட்டாட்டம். அதில் என்னை வெல்ல எங்கள் சொந்தத்தில் ஆள் இல்லை, பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அந்த ஆட்டத்தில் ஜாக்தான் பெரியவர், அவருக்கு அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் சும்மா ஒப்புக்கு இருப்பார்கள். காசினோவில் பழகத் தொடங்கிய முதல் வாரம், ஜாக் விழும்போதெல்லாம் உள்ளே ஒரு துள்ளல் துள்ளும். ஆனால் அங்கே ஜாக்குக்கும் ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே மதிப்பு, பத்து. மனத்தில் ஊறியதை மாற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆட்டத்தின் பெயர் பிளாக்ஜாக். இருபத்தொன்றைத் தாண்டாமல், டீலரை விடக் கூடுதலாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏஸ் என்றால் ஒன்று அல்லது பதினொன்று, எது வசதியோ அது. வாடிக்கையாளர் முதலில் தன் கட்டத்தில் சிப்ஸை, அதாவது காசுக்குப் பதிலான வில்லைகளை, வைக்க வேண்டும். முதல் சீட்டு விழுந்த பிறகு அதில் கை வைக்கக் கூடாது. அவருக்கு இரண்டு சீட்டு, எனக்கு ஒன்று, எல்லாமே திறந்தபடி. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் மேசையில் விரலால் தட்டுவார். போதுமென்றால், பந்தியில் இன்னொரு கரண்டி சோற்றோடு வருபவரைக் கையால் மறிப்போமே, அதே மாதிரி சீட்டின் மேல் கையை அசைப்பார். வாயால் சொன்னால் செல்லாது, மேலே கேமரா பார்க்கிறது, அதற்குக் காது இல்லை. பிறகு என் முறை. பதினாறு வரை நான் எடுத்தே ஆக வேண்டும், பதினேழில் நிறுத்தியே ஆக வேண்டும். எனக்கு யோசிக்கும் உரிமையே கிடையாது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வந்தவருக்கு ஒன்றரை மடங்கு கொடுப்போம். நம்பிக்கை கூடினவர் பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம், ஆனால் அதன் பிறகு ஒரே ஒரு சீட்டுத்தான் கிடைக்கும்.

அப்படியானால் காசினோ எங்கே வெல்கிறது என்று என் கணவரும் கேட்டார். வாடிக்கையாளர் முதலில் எடுக்கிறார் அல்லவா, அங்கேதான். அவர் இருபத்தொன்றைத் தாண்டியதும் சிப்ஸ் எங்கள் பக்கம் வந்துவிடும். அடுத்த நிமிடம் நானும் தாண்டினால் கூட அது திரும்பிப் போகாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நெடுக இருந்து விளையாடினால் இந்தச் சின்ன விஷயம் ஆளைத் தின்றுவிடும். இதை உங்களுக்குச் சொல்கிறேன். மேசையில் நின்று சொன்னால் என் வேலை போய்விடும். டீலர் ஆலோசனை சொல்லக் கூடாது, கண்ணாலும் கூடாது, கையாலும் கூடாது.

எனக்கு வில்லங்கம் வந்தது தலையால்.

எங்களுக்குப் பழக்கியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. இருபது வயதிலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர், அதிகம் சிரிக்க மாட்டார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, உன் கை அருமையாக வேலை செய்கிறது, ஆனால் உன் தலை வாடிக்கையாளரோடு கூட்டுச் சேர்ந்து விளையாடுகிறது என்றார். எனக்கு விளங்கவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினார். கடவுளே! முன்னால் இருப்பவர் பேசப் பேச என் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறகு சாய்ந்து ஒரு வட்டம். நாங்கள் கதை கேட்கும்போது இயல்பாக ஆட்டுகிற ஆட்டம்தான். ஆனால் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, டீலரே இரகசியமாகச் சொல்லித்தருகிற மாதிரித் தெரியும். தலையை நிறுத்தாவிட்டால் உன்னைத் தேர்ச்சிபெற விடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பிறகென்ன, வீட்டில் பெரும் கூத்து. கணவர் சாப்பாட்டு மேசையில் வாடிக்கையாளராக இருப்பார். ஊர்ப் புதினம், கவுன்சில் வரி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லிச் சொல்லிச் சீண்டுவார். நான் ஆடாமல் அசையாமல் நின்று சீட்டுப் போட வேண்டும். நடுவில் மச்சாளிடமிருந்து போன் வந்தால் என் தலை தானாக ஆடத் தொடங்கிவிடும். கணவர் உடனே பிடித்துக்கொள்வார்.

"போனுக்கும் ஆட்டுறீரே அப்பா! அவவுக்கு அது தெரியுமே?"

ஆனாலும் விட்டேனா? நிறுத்திக் காட்டினேன். தேர்விலும் தேறினேன். முதல் சில மாதங்கள் தகுதிகாண் காலம், ஒரு பிழை வந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அந்தக் காலத்துக்குள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

என் மேசைக்கு அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"தங்கச்சி யாழ்ப்பாணமோ?"

மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்பது சட்டம். "வணக்கம் சார், பந்தயத்தை வையுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னைப் பார்த்து, "எடுக்கட்டோ, விடட்டோ?" என்று தமிழில் கேட்டார். முடிவு உங்களுடையது சார் என்று நான் ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிலையாக நின்றேன். என் கழுத்து நரம்பு இழுத்துப் பிடித்தது.

பிறகு ஓர் ஆட்டத்தில், அதுவரை வைத்ததை விடப் பல மடங்கு வைத்தார். அவருக்கு ஒன்பதும் ஏழும் விழுந்து பதினாறு. எனக்கு ஒரு ராணி. இருப்பதிலேயே கஷ்டமான இடம் அது.

"எடுக்கட்டோ, விடட்டோ?"

நான் மூச்சுக்கூட விடவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஓ, வேண்டாம் எண்டுறீர். சரி, விடுறன்" என்று சத்தமாகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டார். நான் எடுத்தேன், ஆறு. பதினாறில் நிற்க முடியாதே, இன்னொன்று எடுத்தேன், எட்டு. தாண்டிவிட்டது. அவருக்கு வெற்றி. "நன்றி தங்கச்சி!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கும்பிட்டார்.

என் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. எனக்குப் பழக்கிய அதே பெண்மணிதான், அன்று மேற்பார்வை அவருடையது. வேறொரு டீலரை என் இடத்தில் நிறுத்திவிட்டு, எங்கள் இருவரையும் உள்ளே இருந்த சிறிய அறைக்கு அழைத்துப் போனார். அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தார். நான் சாமிப் படம் மாதிரி அசையாமல் நிற்கிறேன். அப்பாடா என்றிருந்தது. பெண்மணி அந்த மனிதரிடம் திரும்பி, இவர் உங்களுக்கு என்ன சொன்னார் என்று கேட்டார்.

"வேண்டாம் என்று சொன்னார்" என்றார் மனிதர் ஆங்கிலத்தில், படு தெளிவாக.

"எப்படி?"

"தலையை ஆட்டவில்லையே! எங்கள் ஆட்கள் தலையை ஆட்டாமல் நின்றால் விருப்பமில்லை என்று அர்த்தம்."

பெண்மணி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை பாதி போய்விட்டது. ஆனால் பயத்தை விடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஆட்டினாலும் குற்றம், ஆட்டாவிட்டாலும் குற்றமென்றால் தலையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வர முடியும்? அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். பிறகு, முதல் ஆட்டத்திலிருந்து பாருங்கள் என்றேன். அடுத்த சீட்டு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, எனக்கும் அது தெரியாது, இவருக்கு நான் எதைச் சொல்வது?

பெண்மணி பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டில் இருந்தபோது இதே கேள்வி, நான் இதே சிலை, அவர் தட்டி எடுத்திருக்கிறார். இன்னொன்றில் விட்டிருக்கிறார். அடுத்ததில் மறுபடி எடுத்திருக்கிறார்.

"பன்னிரண்டில் ஏன் எடுத்தீர்கள்?" என்று பெண்மணி கேட்டார்.

"அப்போது முகம் ஆமென்பது போல இருந்தது" என்றார் அவர், கொஞ்சம் சங்கடத்தோடு.

பெண்மணி நாற்காலியில் சாய்ந்தார். என்னைப் பார்த்து, ஏன் ஒவ்வொரு முறையும் உன்னைக் கேட்கிறார் என்று உங்கள் மொழியிலேயே கேள் என்றார். அந்தக் கட்டடத்துக்குள் நான் முதன்முதல் தமிழ் பேசியது அப்போதுதான்.

"அண்ணை, ஏன் எல்லாத்துக்கும் என்னைக் கேக்கிறியள்?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மனுசி கனடாவுக்குப் போயிட்டா, தங்கச்சி. மகளின்ர பிள்ளைப்பேறு பாக்கப் போனவ, இன்னும் வரேல்லை. கறிக்கு உப்புப் போடுறதெண்டாலும் அவவைக் கேட்டுத்தான் போடுறனான். வேலையும் விட்டாச்சு. மத்தியானத்தில வீட்டில இருக்க ஏலாமக் கிடக்கு. இஞ்ச சூடா இருக்கு, நாலு சனம் இருக்கு. எல்லா நாளும் வாறன். அவவுக்குச் சொல்லேல்லை."

அவ்வளவு நேரமும் என்னை மாட்டிவிட்டாரே என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த மனிதர் மேல் அப்படியொரு இரக்கம் வந்தது. அவர் சொன்னதை ஆங்கிலத்தில் பெண்மணிக்குச் சொன்னேன்.

அப்போது அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"நீர் சொல்லும் பிள்ளை. நான் இனி இஞ்ச வரட்டோ, விடட்டோ?"

என் பக்கத்தில் மேற்பார்வையாளர். மேலே கேமரா. எனக்குச் சம்பளம் தருகிற இடத்துக்கு வருகிற வாடிக்கையாளர் இவர். தகுதிகாண் காலம் முடியவில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தது.

தலையை ஆட்டினேன். வலமும் இடமுமாக, நன்றாக, யாருக்கும் சந்தேகமே வராதபடி.

"வராதேங்கோ அண்ணை. டிக்கெட் எடுத்துக்கொண்டு அவவிட்டைப் போங்கோ. இல்லாட்டி அவவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "ஓம்" என்றார். பெண்மணிக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டி வரவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் பெண்மணி தன் நாற்காலியை அந்த மனிதருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். தன்னை இனி உள்ளே விட வேண்டாம் என்று ஒருவர் தானே கேட்டுப் பதிந்துகொள்ளலாம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாக விளக்கத் தொடங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, உன் மேசை காத்திருக்கிறது, போ என்றார்.

அந்த மனிதர் பதிந்தாரா, கனடாவுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. அவர் மறுபடி அங்கே வரவில்லை என்பது மட்டும் தெரியும். தகுதிகாண் காலம் முடிந்து, நான் இன்றும் அதே மேசையில் சீட்டுப் போடுகிறேன். ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே முன்னால் வைத்துக் கேட்ட அன்று, சம்பளத்தை நினைத்துச் சும்மா நின்றுவிடாமல் பதில் சொன்னவள் நான் என்ற நினைப்புத்தான், அந்தச் சீருடையைப் போடும் ஒவ்வொரு நாளும் என்னை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.